வேலையும் பார்க்கணும், அம்மாவையும் பார்க்கணும்: ராஜினாமாக் கடிதத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

அம்மாவுக்குப் பக்கவாதம் வந்த பிறகு எங்கள் வீட்டில் காலை 5 மணிக்கே அடுப்பு எரியும். முதல் நாலு மாதம் மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தார்கள். கஞ்சியைத் துணியில் இரண்டு முறை வடிகட்ட வேண்டும்; ஒரு பருக்கை போனாலும் டியூப் அடைத்துக்கொள்ளும். 50 மில்லி சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி முடித்ததும் அரை மணி நேரம் தலையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். அந்த அரை மணி நேரத்தில்தான் நான் தலை வாருவேன், டிபன் பாக்ஸ் கட்டுவேன். 8.10 பஸ்ஸைப் பிடித்தால் 9 மணிக்கு ஆபீஸ்.

கோவையில் ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாதத்துக்கு இரண்டு மூன்று முறை லீவோ பர்மிஷனோ கேட்க வேண்டி வரும். "ஏம்மா, மறுபடியும் அம்மாவா?" என்பார் மேலாளர். கத்த மாட்டார். ஆனால் எல்லோர் முன்னாலும் கேட்பார். ஒருநாள், "உங்களுக்கு எது முக்கியம்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க" என்றார். அன்று ராத்திரி ராஜினாமாக் கடிதம் எழுதிவிட்டேன்.

எங்கள் தெருவில் பஞ்சாலைத் தொழிற்சங்கத்தில் நெடுங்காலம் இருந்த ஓர் அண்ணன் இருக்கிறார். கடிதத்தில் தேதி எப்படிப் போடுவது என்று கேட்கத்தான் போனேன். "லெட்டரை மடிச்சு வை கண்ணு. முதல்ல உன்னோட அப்பாயின்ட்மென்ட் ஆர்டரையும் ஆறு மாசத்துப் பேஸ்லிப்பையும் எடுத்துட்டு வா" என்றார். அன்று அவர் வீட்டுத் திண்ணையில் ஒன்றரை மணி நேரத்தில் நான் கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு தேடித் தேடிப் படித்ததும்தான் இந்தக் கட்டுரை. வீட்டில் யாரையாவது பார்த்துக்கொண்டே சம்பளத்துக்கும் போகிற எல்லோருக்காகவும் எழுதுகிறேன். அது படுத்திருக்கும் தாயாக இருக்கலாம், கைக்குழந்தையாக இருக்கலாம், மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையாக இருக்கலாம்.

தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான்: வேலை பார்க்கிறோம், அம்மாவையும் பார்க்கிறோம். ஆனால் நம் நாட்டுச் சட்டத்துக்கு முதல் "பார்ப்பது" மட்டும்தான் தெரியும். முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். "பெற்றோரைக் கவனித்துக்கொள்ள விடுப்பு" என்ற பெயரில் தனியார் ஊழியர்களுக்கு இந்தியாவில் ஒரு சட்டம் கிடையாது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 6 முதல், வீட்டில் ஒருவரைப் பராமரிக்கும் ஊழியருக்கு வருடத்தில் ஒரு வாரம் விடுப்பு உண்டு. சம்பளம் இல்லைதான், ஆனால் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை. ஜப்பானில் பராமரிக்கப்படும் ஒவ்வொரு உறவினருக்கும் 93 நாள் வரை விடுப்பு. அந்த நாட்களில் வேலைக்காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் 67 சதவீதம் கிடைக்கும். குடும்பப் பொறுப்புள்ள தொழிலாளர்களுக்காகவே சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1981-லேயே 156-ஆம் உடன்படிக்கையைக் கொண்டுவந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

அப்படியானால் நமக்கு ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. பராமரிப்பு என்ற பெயரில் இல்லை, வேறு வேறு பெயர்களில் சிதறிக் கிடக்கிறது. பொறுக்கிச் சேர்ப்பது நம் வேலை. அதற்கு முதலில், நீங்கள் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறீர்கள் என்று தெரிய வேண்டும். கடையோ ஆபீஸோ என்றால் ஒரு சட்டம், தொழிற்சாலை என்றால் வேறு, அரசு வேலை என்றால் அது தனி உலகம்.

நியாயமான எந்தக் காரணத்துக்கும்

ஜவுளிக்கடை, மெடிக்கல் ஷாப், ஓட்டல், டிராவல்ஸ், கணக்கு ஆபீஸ் என்று தமிழ்நாட்டில் கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் வேலை செய்பவர்களுக்கு, 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் பொருந்தும். அதன் 25-ஆம் பிரிவை ஒவ்வொருவரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும். அது மூன்று வகை விடுப்பு தருகிறது, மூன்றும் சம்பளத்தோடு. ஒரு வருடம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு அடுத்து 12 நாள் விடுமுறை. சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே, தனக்கு உடம்பு சரியில்லாமல் போனாலோ விபத்து நடந்தாலோ 12 நாள் வரை. அதே போல முதல் வருடத்திலிருந்தே, "நியாயமான எந்தக் காரணத்துக்காகவும்" இன்னொரு 12 நாள் வரை.

அந்த மூன்றாவதைத்தான் சி.எல்., அதாவது தற்செயல் விடுப்பு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அது இருப்பது தெரியும், ஆனால் எதற்கு இருக்கிறது என்று தெரியாது. முதலாளி மனது வைத்தால் கொடுப்பது என்றுதான் நினைத்திருந்தேன். சட்டம் காரணங்களைப் பட்டியல் போட்டு நம்மை அடைக்கவில்லை. நியாயமான காரணம் இருந்தால் போதும் என்கிறது. படுத்திருக்கும் தாயை ஸ்கேனுக்குக் கூட்டிப்போவது நியாயமான காரணம் இல்லை என்று எந்த அதிகாரி முன்னாலும் யாராலும் சொல்லிவிட முடியாது.

இந்த இடத்தில் நான் செய்த ஒரு தப்பைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இதைத்தான் செய்கிறார்கள். அம்மாவுக்காக எடுத்த லீவுக்கெல்லாம் "எனக்குக் காய்ச்சல்" என்று எழுதிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் எழுதிப் பழகிய அதே காய்ச்சல் லெட்டர். தெரிந்த கிளினிக்கில் ஒரு சர்டிபிகேட்டும் வாங்கி வைத்துவிடுவேன். அண்ணன் அதைக் கேட்டதும் முகம் மாறிவிட்டார். உண்மைக் காரணத்துக்கே லீவு இருக்கும்போது பொய்க் காரணம் எழுதினால், நாளைக்கு வேலையை விட்டு அனுப்ப அவர்களுக்கு நாமே ஒரு காகிதம் எழுதிக் கொடுத்த மாதிரி. அதோடு, எனக்கென்று உள்ள 12 நாள் மெடிக்கல் லீவும் வீணாகிக் கரைந்துபோகிறது. அம்மாவைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டபோது எனக்கு மெடிக்கல் லீவே மீதி இல்லை.

அடுத்த முறை நான் எழுதிய லெட்டர் இதுதான்: "ஐயா, பக்கவாத நோயாளியான என் தாயாரை 14-ஆம் தேதி நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. அன்று ஒரு நாள் எனக்குரிய தற்செயல் விடுப்பை வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மருத்துவமனைச் சீட்டின் நகல் இணைக்கப்பட்டுள்ளது." மூன்றே வரி. "எனக்குரிய" என்ற சொல்லை எழுதும்போது கை நடுங்கியது. மேலாளர் படித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

இதோடு, 1958-ஆம் ஆண்டுச் சட்டப்படி வருடத்துக்கு 9 நாள் தேசிய, பண்டிகை விடுமுறை உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கோடு பண்டிகை நாட்கள் ஐந்து. வாரம் ஒரு நாள் லீவு தனி. எல்லாவற்றையும் வருட ஆரம்பத்திலேயே காலண்டரில் குறித்துக்கொண்டு, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுகளை அதற்குத் தகுந்த மாதிரி தள்ளியும் முந்தியும் வாங்கப் பழகிக்கொண்டால் ஒரு வருடத்தை ஓரளவு சமாளிக்கலாம். ஓரளவுதான், அதற்கு மேல் பெரிதாகச் சொல்ல மாட்டேன்.

ஒன்றைக் கவனியுங்கள். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. அவர்களுக்கு அப்பாயின்ட்மென்ட் ஆர்டரும் கம்பெனி லீவு விதிகளும்தான் கதி. தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்குக் கணக்கு வேறு: வேலை செய்த ஒவ்வொரு 20 நாளுக்கும் ஒரு நாள் சம்பளத்தோடு விடுப்பு. முன்பு வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால்தான் இது கிடைக்கும். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இது 180 நாளாகக் குறைந்திருக்கிறது.

கார்டில் அம்மா பெயர் இல்லை

என் பேஸ்லிப்பைப் பார்த்ததும் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "ஈ.எஸ்.ஐ. பிடிக்கறாங்களே, அம்மாவை எந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற?" நான் ஒரு தனியார் ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னேன். கார்டை வாங்கிப் பார்த்தார். வீட்டுக்காரர் பெயரும் பிள்ளைகள் பெயரும் இருந்தன. அம்மா பெயர் இல்லை. நாலரை வருடமாக மாதாமாதம் பணம் கட்டியிருக்கிறேன், அம்மாவைச் சேர்க்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டில் வருகிறார்கள். மாற்றுத்திறனாளி ஊழியர் என்றால் வரம்பு 25,000. நம் சம்பளத்திலிருந்து 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். 20,000 ரூபாய் சம்பளத்துக்கு நம் பங்கு 150 ரூபாய், முதலாளி பங்கு 650. இந்தப் பணத்துக்கு, நம்மைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. பெற்றோரின் சொந்த வருமானத்துக்கு ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள், அதற்குள் இருக்க வேண்டும். கல்யாணமான பெண்கள் நிறையப் பேர் பார்த்துக்கொள்வது மாமியாரையும் மாமனாரையும். மேலே சொன்ன புதிய தொகுப்புகளில் ஒன்றான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, பெண் ஊழியரின் "குடும்பம்" என்பதற்குள் அவர்களையும் சேர்த்திருக்கிறது. வருமான வரம்பு இவர்களுக்கும் உண்டு.

சிங்காநல்லூர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் வரிசை நீளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அம்மாவின் மாத்திரைச் செலவு மட்டும் மாதம் எவ்வளவு மிச்சமானது என்று பார்த்தபோது, இத்தனை நாள் விட்டோமே என்று அழுகை வந்தது.

ஈ.எஸ்.ஐ.யில் பலரும் குழப்பிக்கொள்ளும் ஓர் இடம் உண்டு. நோய்க்கால உதவித்தொகை என்று சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை தருகிறார்கள். அது ஊழியருக்கே உடம்பு முடியாமல் போனால் மட்டும்தான். அம்மாவுக்கு முடியவில்லை என்று நாம் வீட்டில் இருந்தால் அந்தப் பணம் வராது. பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) அப்படியில்லை. பெற்றோர், துணை, பிள்ளைகளின் சிகிச்சைக்காகவும் நம் கணக்கிலிருந்து பணம் எடுக்கலாம். கந்துவட்டிக்குப் போவதற்கு முன் அதைப் பாருங்கள்.

வேலைநேரத்தை மிச்சப்படுத்துகிற இன்னொன்றும் தமிழ்நாட்டில் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். படுத்த படுக்கையில் இருப்பவர்களுக்கு வலிநிவாரணப் பராமரிப்பும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிலேயே உண்டு. எங்கள் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் வந்த முதல் நாள், அம்மா இடது கையைத் தலையணையிலிருந்து நாலு விரல் உயரம் தூக்கினார். "போயிட்டு வா கண்ணு, நான் பார்த்துக்கறேன்" என்றார் குழறிக் குழறி. அன்று ஆபீஸுக்கு நிம்மதியாகப் போனேன். பக்கத்து நகர்ப்புற நலவாழ்வு மையத்திலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போய்ப் பெயர் கொடுத்தால் போதும்.

கைக்குழந்தை என்றால்

பராமரிப்பில் சட்டம் தெளிவாகப் பேசும் ஒரே இடம் பிரசவம்தான். 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தை 2017-இல் திருத்தினார்கள். அந்த உரிமைகள் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் வந்திருக்கின்றன. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு, அதற்கு மேல் என்றால் 12 வாரம். பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருந்தால் போதும். கரு கலைந்துபோனாலும் 6 வாரம் உண்டு. பாவம், அந்த நேரத்தில் இதைக் கேட்கத் தெரியாமல் நாலே நாளில் வேலைக்கு வந்துவிட்ட பெண்களை எனக்குத் தெரியும். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட தினம் இரண்டு இடைவேளை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருந்தாக வேண்டும், தாய் ஒரு நாளில் 4 முறை போய்ப் பார்க்கலாம். மகப்பேறு விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நீக்குவது சட்டவிரோதம்.

அப்பாக்களுக்கு? தனியார் துறையில் சட்டப்படி ஒரு நாள்கூடக் கிடையாது. மத்திய அரசு ஊழியருக்கு 15 நாள் உண்டு. இந்த விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் இருக்கிறது. குழந்தையைப் பார்ப்பது அம்மா வேலை என்று சட்டமே எழுதி வைத்தால், வேலைக்கு ஆள் எடுக்கும் முதலாளி பெண்ணைப் பார்த்ததும் 26 வாரக் கணக்குத்தான் போடுவார்.

அரசு ஊழியர்கள் நிலைமை கொஞ்சம் மேல். தமிழ்நாடு அரசில் மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். மத்திய அரசில் பெண்களுக்கும் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பிள்ளைக்கு 18 வயது வரை எடுக்கலாம், மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் வயது வரம்பில்லை. மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் மத்திய அரசு ஊழியரை வழக்கமான இடமாறுதலிலிருந்து விலக்கலாம் என்று 2014-லேயே உத்தரவு இருக்கிறது. முதலில் பிள்ளைகளுக்கு மட்டும் இருந்ததை 2018-இல் துணை, பெற்றோர், உடன்பிறந்தோர் வரை விரித்தார்கள்.

இமாச்சலப் பிரதேசத்தில் ஓர் அரசுக் கல்லூரி ஆசிரியை. அவர் மகனுக்கு எலும்புகள் எளிதில் நொறுங்கும் பிறவி நோய். அடுத்தடுத்து அறுவைச் சிகிச்சைகளில் அவருடைய விடுப்பெல்லாம் தீர்ந்துபோனது. அந்த மாநில விதிகளில் குழந்தைப் பராமரிப்பு விடுப்பே இல்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பெண்கள் வேலையில் பங்கேற்பது யாரோ தரும் சலுகை அல்ல, அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்று 2024 ஏப்ரலில் நீதிமன்றம் சொல்லி, விதிகளை மறுபரிசீலனை செய்யும்படி மாநிலத்துக்கு உத்தரவிட்டது. ஒரு தாய் லீவு கேட்டுப் போட்ட வழக்கு அது.

விடுவதா, நிற்பதா

என் கடிதத்தைத் திண்ணையில் பிரித்து வைத்துக்கொண்டு அண்ணன் காகிதத்தில் ஒரு கணக்குப் போட்டார். அப்போது என் சர்வீஸ் 4 வருடம் 7 மாதம். ஐந்து வருடம் முடிந்தால் பணிக்கொடை (கிராஜுவிட்டி) உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 நாள் என்று வகுத்துப் போடுவார்கள். என் அடிப்படைச் சம்பளம் 18,000. அதை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, 5 வருடத்தால் பெருக்கினால் 51,923 ரூபாய். அம்மாவின் ஒரு வருடத்து டயப்பர், மாத்திரை, தண்ணீர்ப் படுக்கை எல்லாம் அதில் அடங்கும். ஐந்து மாதம் பொறுக்காமல் அதை விட்டுவிடப் போனேன்.

முடியவே முடியவில்லை என்றால்? சம்பளமில்லா விடுப்பு கேட்கலாம். எழுத்தில் கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டமில்லை. ஆனால் அனுமதித்த விடுப்பு பணிக்கொடைக்கு உள்ள தொடர்ச்சியை அறுக்காது. ராஜினாமா அறுத்துவிடும். திரும்பி வரக் கதவு திறந்திருப்பதும் மூடிவிடுவதும் வேறு வேறு.

வேலைநேரத்தை மாற்றிக் கேட்பதும் அப்படித்தான், சட்ட உரிமை கிடையாது, பேசி வாங்க வேண்டும். அதற்கு என் அனுபவத்தில் ஒன்று சொல்வேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க சார்" என்று பொதுவாகக் கேட்டால் வேலை நடக்காது. நான், "காலையில் 9 முதல் 9.45 வரை பிசியோதெரபி. 9 முதல் 5.30-க்குப் பதில் 10 முதல் 6.30 வரை இருக்கிறேன். மாதக் கடைசி நாலு நாள் பழையபடியே 9-க்கு வந்துவிடுவேன். இரண்டு மாதம் பார்ப்போம், உங்களுக்குச் சரிவரவில்லை என்றால் மாற்றிக்கொள்வோம்" என்று எழுதிக் கொடுத்தேன். மேலாளர் மூன்று நாள் கழித்து ஒப்புக்கொண்டார். மேலிடத்தில் காட்ட அவருக்கும் ஒரு காகிதம் தேவைப்பட்டிருக்கிறது. பேசியதையெல்லாம் அன்றைக்கே ஒரு மெயிலாகவோ வாட்ஸ்அப்பாகவோ அனுப்பி வைத்துவிடுங்கள். வாய்ப்பேச்சை நம்பி இருந்துவிட்டு, மேலாளர் மாறியதும் தவித்தவர்கள் நிறையப் பேர்.

சரி, லீவு எடுத்ததற்காக வேலையை விட்டே நிறுத்திவிட்டால்? கடைகள் நிறுவனங்கள் சட்டத்தின் 41-ஆம் பிரிவு, ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்த ஒருவரை நியாயமான காரணமில்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது. ஒரு மாத நோட்டீஸோ அதற்கு ஈடான சம்பளமோ கொடுக்க வேண்டும். அதை எதிர்த்துத் தொழிலாளர் துறையில் மேல்முறையீடு செய்யலாம். காலக்கெடு குறுகியது, "அடுத்த மாசம் பார்ப்போம்" என்று இருக்காதீர்கள். ராஜினாமா எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவதுதான் பல இடங்களில் நடக்கிற தந்திரம். தானாகப் போனவருக்கு இந்தப் பிரிவு உதவாது. அதனால் அழுத்தம் கொடுத்தாலும் அந்தக் காகிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று பயப்பட வேண்டாம். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கும், 15100 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். முதியோர் பராமரிப்பு தொடர்பாக எதைக் கேட்பதென்றாலும் 14567.

அண்ணனுக்கும் பன்னிரண்டு நாள்

மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், 15 முதல் 59 வயது வரை உள்ளவர்களில் வீட்டாரைப் பராமரிக்கும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் செலவிடும் நேரம் 140 நிமிடம், ஆண்கள் 74 நிமிடம். இதில் சமையலும் துணி துவைப்பதும் சேராது. இந்த எண்களைப் பார்த்த அன்றுதான் எங்கள் வீட்டுக் கணக்கையும் பார்த்தேன்.

என் கூடப்பிறந்த அண்ணன் சென்னையில் ஒரு கடையில் சூப்பர்வைசர். அம்மா மேல் உயிர். மாதம் தவறாமல் பணம் அனுப்புவான். ஆனால் இரண்டு வருடத்தில் அம்மாவுக்காக அவன் போட்ட லீவு மூன்று நாள், நான் போட்டது எண்ணிக்கையில் அடங்காது. அவன் மேல் தப்பு என்று சொல்ல மாட்டேன். அவனிடம் நான் கேட்டதே இல்லை. பொண்ணு பார்த்துக்கொள்வாள் என்று வீடு நினைத்தது, நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். அந்த 25-ஆம் பிரிவு அவனுக்கும் சேர்த்துத்தானே இருக்கிறது என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

அதே போல, பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் அக்காவைச் சம்பளத்துக்கு வைத்திருக்கிறோம். அவருக்கும் ஊரில் அம்மா இருக்கிறார். நாம் ஆபீஸில் எதிர்பார்ப்பதை அவர் நம் வீட்டில் எதிர்பார்க்கக் கூடாதா? வாரம் ஒரு நாள் லீவும் மாதம் ஒரு நாள் சம்பளத்தோடு லீவும் என்று பேசி எழுதி வைத்துக்கொண்டோம். அவர் ஊருக்குப் போகும் நாளில் எங்களில் ஒருவர் சி.எல். போட வேண்டும்.

போன வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு போன் போட்டு, வரும் 14-ஆம் தேதி அம்மாவுக்கு ஸ்கேன், அன்றைக்கு நீ வாண்ணா என்றேன். ஒரு நிமிடம் பேச்சே இல்லை. "லீவு கேட்டா எங்க மேனேஜர் என்ன சொல்வாரோ தெரியலையே பாப்பா" என்றான். என் பழைய லெட்டரை அப்படியே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். தேதியையும் பெயரையும் மட்டும் மாற்றிக்கொள் என்றேன்.